அரைச் சில்லுத் தண்ணி

கணபதி: நிப்பாட்டுங்க மிஸ், நிப்பாட்டுங்க... இதுக்கு மேல ஒரு முழங்கூட வேணாம்.

சுமித்திரா: நிண்டு கன நேரம் ஐயா. கறண்டுக் கார், சத்தம் இல்லாதபடியா உங்களுக்குத் தெரியேல்ல.

சிவலட்சுமி: எனக்கும்தான் தெரியல. வீட்டுல கிளம்புறப்பவே, வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகலையேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பாத்தா வேலி பின்னால போகுது.

சுமித்திரா: காலமை நான் வரேக்க இதில ஒரு சாண் தண்ணிதான் நிண்டது. இப்ப பாலம் எங்க?

கணபதி: அடியில இருக்கு. அந்த வெள்ளைக் கட்டைங்க தெரியுதில்ல... ஒண்ணு, ரெண்டு, மூணு... அதுக்கு நடுவுல. குளத்துல தண்ணியை வெளிய விடுற வான்கதவு இன்னும் ரெண்டு திறந்துட்டாங்க போல. தாழ்வாப் பதிஞ்ச பாலம் மிஸ் இது. குளத்துல எவனாச்சும் தும்முனாலே இங்க தண்ணி ஏறும்.

சுமித்திரா: அப்ப என்ன செய்யிறது? மணி ஒண்டரை.

சிவலட்சுமி: என்ன, பேச்சைக் காணோம்? வாயில கொழுக்கட்டையா?

கணபதி: யோசிக்கிறேன் புள்ள.

சுமித்திரா: யோசிக்க நேரமில்ல ஐயா. நாலு மணிக்கு முதல் உங்கட மனிசியைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில மெசினில போடவேணும். பிறகு வேற ஆளின்ர முறை. எல்லாரிட்டயும் கெஞ்சிக் கூத்தாடி ஒரு இடம் எடுத்து வச்சிருக்கிறன்.

சிவலட்சுமி: செவ்வாக்கிழமையே நான் வந்திருந்தா...

சுமித்திரா: செவ்வாய் பஸ் ஓடேல்ல. உங்களில பிழை இல்ல. ஆனா போன வெள்ளிக்குப் பிறகு உங்கட ரத்தம் சுத்தம் செய்யேல்ல. ஏழு நாள். ரெண்டு கிட்னியும் வேலை செய்யாத உடம்புக்கு ஏழு நாள் எண்டுறது... சரி விடுங்கோ.

சிவலட்சுமி: விட வேணாம், சொல்லுங்க. செத்துருவேனா?

கணபதி: வாயக் கழுவு புள்ள!

சிவலட்சுமி: எதால கழுவ? ஒரு நாளைக்கு அரைப் போத்தல் தண்ணிதான் எனக்கு. ஊரே தண்ணியில கிடக்கு, எனக்கு நாக்கு நனைக்க வழியில்ல. மிஸ்... ஒரு மூடி. போத்தல் மூடியால ஒரே ஒரு மூடி தாங்களேன்.

சுமித்திரா: உங்கட காலைப் பாருங்கோ அக்கா. விரலால அமத்தினா குழி விழுது. அவ்வளவும் தண்ணி. உள்ள போனது வெளியில வர வழியில்ல. நாலு மணி மட்டும் பொறுங்கோ, என்ர குஞ்செல்லே.

சிவலட்சுமி: அப்ப நான் இளநி குடிச்சது...

சுமித்திரா: என்னது? அக்கா, எப்ப குடிச்சனீங்கள்?

கணபதி: நான்தான் வெட்டிக் குடுத்தேன் மிஸ். கிணத்தை வெள்ளம் மூடிருச்சு, குடிக்கிறதுக்கு நல்ல தண்ணி இல்ல. இளநின்னா சுத்தம்தானே, குளிர்ச்சிதானேன்னு...

சுமித்திரா: எத்தினை?

கணபதி: நேத்து ஒண்ணு. காலையில ஒண்ணு.

சுமித்திரா: கடவுளே... இளநி கூடாது, வாழைப்பழம் கூடாது, தோடம்பழம் கூடாது எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லோ! அதில இருக்கிற உப்பு ரத்தத்தில ஏறினா நெஞ்சை நிப்பாட்டிப்போடும். கதைச்சுக்கொண்டு இருக்கேக்கயே நிப்பாட்டும்.

கணபதி: எனக்குத் தெரியாதே மிஸ்... நல்லதுன்னு நினைச்சுத்தானே...

சிவலட்சுமி: அவரை ஏசாதீங்க. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தாகம் தாங்க முடியல, குடிச்சுட்டேன். அவரு வெட்டிக்கிட்டு வந்து முன்னால நிக்கிறாரு, எப்படி வேணாங்கிறது?

சுமித்திரா: சரி. சரி... நெஞ்சு படபடக்குதோ?

சிவலட்சுமி: விட்டு விட்டு அடிக்குது. பழைய பஸ்சு மாதிரி.

சுமித்திரா: ஐயா, மற்ற றோட்டால சுத்திப் போவம்.

கணபதி: அதை நேத்தே தண்ணி அறுத்துக்கிட்டுப் போயிருச்சு. ஒரு லொறி குறுக்கால கிடக்கு.

சுமித்திரா: போட்?

கணபதி: போட்டெல்லாம் நாயாத்துப் பக்கம் போயிருச்சாம். அங்க சனம் கூரையில இருக்காம்.

சுமித்திரா: உங்கட ஊரில ஒரு ட்ரக்டர் கூட இல்லையோ?

கணபதி: தவராசாகிட்ட இருக்கு. பள்ளிக்கூடத்துக்குச் சனத்தை ஏத்திக்கிட்டுப் போனவர், சேத்துல புதைஞ்சு நிக்கிறாரு. அச்சு வரைக்கும் போயிருச்சு.

சுமித்திரா: ஃபோனுக்கும் சிக்னல் இல்ல. அம்புலன்ஸ் காலமையே சொல்லிப்போட்டுது, அந்தக் கரை மட்டும்தான் வருமாம், அதுவும் எப்ப எண்டு தெரியாது. அப்ப இது ஒண்டுதான் வழி.

சிவலட்சுமி: இது கரண்டு கார்தானே... தண்ணியில இறங்கினா நம்மள ஷாக் அடிக்காதா? அதுதான் நான் றப்பர் செருப்பைக் கழட்டாம இருக்கேன்.

சுமித்திரா: அடிக்காது அக்கா. பற்றரி அடியில ஒரு பெட்டிக்குள்ள இறுக்கி மூடிக் கிடக்கு. கசிஞ்சாலும் தானா கறண்டை வெட்டிப்போடும். பெற்றோல் கார் எண்டா இஞ்சின் தண்ணியை இழுத்து நடுவழியில நிண்டிடும். இதுக்கு இஞ்சினும் இல்ல, சைலன்சரும் இல்ல. தண்ணிக்குள்ளயும் நிக்காது.

கணபதி: நிக்காது... அதுதான் மிஸ் வினையே.

சுமித்திரா: ஏன் அப்பிடிச் சொல்லுறீங்கள்?

கணபதி: ஒண்ணுமில்ல. சும்மா.

சுமித்திரா: ஐயா, நீங்கள்தானே மழை நாளில இந்தப் பாலத்தில நிண்டு வாகனங்களுக்கு வழி காட்டுறது? ஒருக்கா இறங்கி எவ்வளவு தண்ணி எண்டு பாருங்கோவன்.

கணபதி: யாரு சொன்னது?

சுமித்திரா: ஊருக்குள்ள கேள்விப்பட்டனான்.

சிவலட்சுமி: இருவது வருசமா இவருதான் மிஸ் ராசா. மழை பேஞ்சா போதும், கம்பை எடுத்துக்கிட்டு, அந்த நீலக் கோட்டை மாட்டிக்கிட்டு தண்ணிக்கு நடுவுல போய் நின்னுக்குவாரு. லொறிக்காரன் எல்லாம் இவரு கையைப் பாத்துத்தான் வருவான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிப்பாரு. இப்ப...

கணபதி: சும்மா இரு.

சிவலட்சுமி: இப்ப கொல்லைப் பக்கம் குட்டையில கூட காலை வைக்க மாட்டேங்கிறாரு.

கணபதி: சும்மா இருன்னு சொன்னேன்ல!

சுமித்திரா: போன வருசம் இதில ஒரு கார் போனதாமே.

கணபதி: ...ஆமா. போச்சு.

சுமித்திரா: நீங்கள் அண்டைக்கு இதில நிண்டனீங்களோ?

கணபதி: இல்ல. காச்சல்ல படுத்திருந்தேன்.

சுமித்திரா: காய்ச்சலோ?

கணபதி: ஆமா... நல்ல காச்சல். இவகிட்டக் கேட்டுப் பாருங்க.

சிவலட்சுமி: ...ஆமா மிஸ். காச்சல்தான்.

சுமித்திரா: ம்.

கணபதி: அது என்னத்துக்கு இப்ப? நாலு மணிக்குள்ள இவ போகணும், அதைப் பாப்போம். ரெண்டு மணிக்கு ஒரு கதவை மூடிப் பதிப்பாங்கன்னு ஒரு கதை. கதவு திறந்து மூடுற கனகலிங்கத்தார்தான் குளக்கட்டுல நிக்கிறாரு. கீழ் ஊர்ச் சனத்தை வெளியில எடுக்கிறதுக்காகப் பதிக்கிறாங்களாம். பதிச்சா இங்க கொஞ்சம் இறங்கும்.

சுமித்திரா: பதிக்காட்டி?

சிவலட்சுமி: மிஸ்... மூச்சு... கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்க.

சுமித்திரா: நிமிந்து இருங்கோ அக்கா. சரியாதேங்கோ. முன் சீற்றைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு... ஓம், அப்பிடி. மெல்ல இழுங்கோ. ஐயா, நாடி எக்கச்சக்கமா ஓடுது. இனியும் இதில நிண்டு குளத்துக்கதை கதைக்கேலாது. நீங்கள் இறங்காட்டி நான் இறங்கிறன்.

கணபதி: நீங்க இறங்காதீங்க! இந்தத் தண்ணி உங்களுக்குத் தெரியாது.

சுமித்திரா: அப்ப?

கணபதி: ...பின்னால அந்தக் கத்தி கிடக்கு, எடுங்க. அந்தப் பூவரசுல ஒரு கம்பு வெட்டணும்.

சிவலட்சுமி: யோவ்... வேணாம்யா. நடுங்குறியே.

கணபதி: குளிருது. வேற ஒண்ணுமில்ல.

சுமித்திரா: கம்பு என்னத்துக்கு ஐயா?

கணபதி: சில்லுக்குப் பக்கத்துல நிமித்தி வைங்க. ஆ... சில்லு நடுவுல இருக்கிற அச்சு எங்க வருது? அந்த இடத்துல ஒரு வெட்டு. இதுதான் கணக்கு. இந்த வெட்டுக்கு மேல தண்ணி நின்னா, இது வண்டி இல்ல, தோணி. லொறிக்கு வேற கணக்கு, ட்ரக்டருக்கு வேற கணக்கு. முந்தி நான் எல்லாத்துக்கும் என் தொடையையே கணக்கு வச்சிருந்தேன்...

சுமித்திரா: பிறகு ஆர் சொல்லித் தந்தது?

கணபதி: யாரும் சொல்லல. நான் போயிட்டு வாறேன்.

சிவலட்சுமி: மேல்பக்கமாப் போய்யா! கட்டையைப் பிடிச்சுக்கிட்டுப் போ!

சுமித்திரா: கத்தாதேங்கோ அக்கா, மூச்சைப் பிடியுங்கோ. ...ஐயா! எவ்வளவு?

கணபதி: இங்க வெட்டுக்குக் கீழதான்! ரெண்டு விரல் கீழ!

சுமித்திரா: அப்ப போகக் காணும்தானே! வாறன்!

கணபதி: வராதீங்க! நடுவுக்குப் போகல நான் இன்னும்! ...நடுவுல மேல ஏறுது! வெட்டுக்கு மேல நாலு விரல்! இழுவையும் இருக்கு, காலை வாருது!

சிவலட்சுமி: போதும், திரும்பி வந்துரு மனுசா... போதும்.

சுமித்திரா: வாறார், வாறார். பயப்பிடாதேங்கோ.

கணபதி: ...முடியாது மிஸ். நாலு விரல் கூட.

சுமித்திரா: நாலு விரல்தானே ஐயா. நாலு விரலுக்காக இந்த மனிசியைச் சாகக் குடுக்கிறதோ? நான் மெல்லமா விடுறன். நீங்களும் ஏறுங்கோ. போவம்.

கணபதி: இல்ல.

சுமித்திரா: கார் நிக்காது ஐயா.

கணபதி: நிக்காது மிஸ், மிதக்கும்! அடி முழுக்க மூடியிருக்கு, சின்னக் கார், பாரம் இல்ல. தண்ணி அடியில பூந்தா அப்படியே தூக்கிரும். தூக்கினப்புறம் நீங்க என்ன மிதிச்சாலும் ஒண்ணுதான், எங்கிட்டுத் திருப்பினாலும் ஒண்ணுதான். சில்லு அது பாட்டுக்குத் தண்ணியில சுத்தும்.

சுமித்திரா: உங்கட மனிசி ஐயா இது. எனக்கில்ல, உங்களுக்குத்தான்...

கணபதி: எனக்குத் தெரியாதா? முப்பத்தொரு வருசம்! பிறந்த ஊர் ஹட்டனுக்கும் போக முடியாம, இங்கயும் ஒண்ணும் இல்லாம, காட்டை வெட்டி ரெண்டு பேரும் குடிசை போட்டோம். எனக்குத் தெரியாதா யாருன்னு? என்னை என்ன வேணாலும் கேளுங்க மிஸ். போகலாமா, போகலாமான்னு மட்டும் கேக்காதீங்க. அந்த ஒரு வார்த்தையை எங்கிட்டக் கேக்காதீங்க!

சிவலட்சுமி: ரெண்டு பேரும் சண்டை பிடிச்சு முடிச்சுட்டீங்களா? நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்.

சுமித்திரா: நான் அவசரப்படுத்தேல்ல ஐயா. அவசரப்படுத்தக்கூடாது நான்... நீங்கள் சொல்லுறபடி செய்வம்.

கணபதி: கம்பைக் கரையில நட்டிருக்கேன். தண்ணி நிக்கிற இடத்துல ஒரு கோடு கீறியிருக்கேன். அது நாலு விரல் இறங்கணும். அது வரைக்கும் இங்கருந்து அசையக்கூடாது. இந்தக் கரை ஓரமா மண் மூட்டை கிடக்குது பாருங்க, அதுல ஆறு தூக்கிப் பின்னால போடுறேன். பாரம் வேணும்.

சுமித்திரா: நானும் பிடிக்கிறன்.

கணபதி: வேணாம், நீங்க அவ கையைப் பிடிச்சுக்கிட்டு இருங்க.

சிவலட்சுமி: மிஸ்... எந்த நேர்ஸ் மிஸ் லீவு நாள்ல சொந்தக் காரை எடுத்துக்கிட்டு நோயாளி வீட்டைத் தேடி வருவாங்க? அதுவும் இந்த வெள்ளத்துல?

சுமித்திரா: கதைக்காதேங்கோ.

சிவலட்சுமி: பேசலைன்னாத்தான் பயமா இருக்கு. உங்களுக்குப் புள்ளைங்க இல்லையா?

சுமித்திரா: இல்ல.

சிவலட்சுமி: வீட்டுக்காரர்?

சுமித்திரா: ...நாக்கை நீட்டுங்கோ. ஒரு மூடி தாறன். ஒண்டுதான். விழுங்காமல் வாயில வச்சிருங்கோ.

சிவலட்சுமி: புண்ணியமாப் போகும்...

கணபதி: மிஸ்! கோட்டுக்குக் கீழ ஒரு விரல்!

சுமித்திரா: மணி ரெண்டு ஐஞ்சு.

கணபதி: கதவைப் பதிச்சுட்டாங்க போல. இறங்குது. மெதுவா இறங்குது...

சிவலட்சுமி: மிஸ், இவரு கெட்ட மனுசன் இல்ல. சத்தம் போட்டாருன்னு மனசுல வைக்காதீங்க.

சுமித்திரா: வைக்கேல்ல அக்கா.

சிவலட்சுமி: கை சில்லிட்டுப் போகுது...

சுமித்திரா: என்ர கையுக்குள்ள வச்சிருங்கோ. ஐயா! எவ்வளவு?

கணபதி: மூணு!

சுமித்திரா: ரெண்டு இருவது ஐயா.

கணபதி: கேக்காதீங்கன்னேன்ல!

சுமித்திரா: கேக்கேல்ல. நேரத்தைத்தான் சொன்னனான்.

கணபதி: ...நாலு. நாலு விரல் இறங்கிருச்சு. திரும்ப ஒருக்கா நடுவுக்குப் போய் அளந்துட்டு வாறேன்.

சிவலட்சுமி: போறாரு பாருங்க. ஒரு வருசமாச்சு இந்த மனுசன் இப்படி நடந்து.

சுமித்திரா: பாக்கிறன். பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.

கணபதி: மிஸ்! வெட்டுக்குச் சரி! நடுவுல அரைச் சில்லு! கேளுங்க, நான் சொல்ற மாதிரிச் செய்யணும்! நாலு கண்ணாடியையும் அடி வரைக்கும் இறக்குங்க! பெல்ட்டைக் கழட்டுங்க, அவளுக்கும் கழட்டுங்க!

சுமித்திரா: கழட்டியாச்சு!

கணபதி: கதவு லொக்கையும் எடுத்துருங்க! றோட்டுல மேல்பக்கம்தான் மேடு, அந்தப் பக்கமா வாங்க! நான் முன்னால நடப்பேன். என் நடைக்கு வாங்க. அதைவிடக் கெதியா வந்தா அலை எழும்பும். பிறேக்கைத் தொடாதீங்க! நடுவுல நிப்பாட்டாதீங்க!

சுமித்திரா: விளங்கிச்சு!

கணபதி: வெள்ளத்தைப் பாக்காதீங்க! தலை சுத்தும்! என் முதுகைப் பாருங்க!

சிவலட்சுமி: முருகா... முருகா...

சுமித்திரா: இறங்கிறன் அக்கா. என்ர சீற்றை இறுக்கிப் பிடியுங்கோ.

கணபதி: வாங்க! அப்படித்தான்! மெதுவா... காலை ஒரே மாதிரி வைங்க...

சிவலட்சுமி: மிஸ், கால்ல தண்ணி! உள்ள வருது!

சுமித்திரா: கதவடியால கொஞ்சம் கசியும். வரட்டும். கால் நனைஞ்சா நனையட்டும்.

கணபதி: இது நடு! கவனம்!

சுமித்திரா: ஐயா, பின்பக்கம் இழுக்குது! ஐயா!

கணபதி: நிப்பாட்டாதீங்க! மேல்பக்கமாத் திருப்புங்க... கொஞ்சம்! கொஞ்சம்! காலை எடுக்காதீங்க! என் முதுகு... என் முதுகைப் பாருங்க!

சுமித்திரா: ஏலாது ஐயா...

கணபதி: ஏலும்! சில்லு மண்ணுல பிடிச்சிருக்கு, எனக்குத் தெரியுது! வா தாயி! வா... வா... வா!

சிவலட்சுமி: கட்டை தெரியுது மிஸ்! அந்தக் கடைசிக் கட்டை!

கணபதி: ஏறுது! விடாதீங்க, மேல ஏறுங்க! ...ஆ. ஏறிட்டீங்க. ஏறியாச்சு.

சிவலட்சுமி: மிஸ்? அழுறீங்களா?

சுமித்திரா: இல்ல. மழைத்தண்ணி. ஐயா, ஏறுங்கோ கெதியா. ரெண்டு அம்பது.

கணபதி: ஓட்டிக்கிட்டே பிறேக்கை மெதுவா மிதிச்சு மிதிச்சு விடுங்க. நனைஞ்ச பிறேக் பிடிக்காது, காயணும்.

சுமித்திரா: ஓம். ஏறுங்கோவன், ஏன் நிக்கிறீங்கள்?

கணபதி: நான் நனைஞ்சிருக்கேன். சீற்றெல்லாம்...

சுமித்திரா: சீற் கிடக்கட்டும். ஏறுங்கோ.

சிவலட்சுமி: மாங்குளம் தாண்டினா எவ்வளவு நேரம் மிஸ்?

சுமித்திரா: மூண்டரைக்குப் போயிடுவம். சிக்னல் வந்தோண்ண வாட்டுக்கு ஃபோன் பண்ணுறன், நெஞ்சுக்குக் குடுக்கிற மருந்தை எடுத்து வைக்கச் சொல்லி. நீங்கள் மூச்சை மட்டும் பாருங்கோ.

கணபதி: மிஸ்.

சுமித்திரா: ம்.

கணபதி: நான் பொய் சொன்னேன். அன்னைக்கு எனக்குக் காச்சல் இல்ல.

சிவலட்சுமி: இப்ப என்னத்துக்குய்யா அது... போற வழியில...

கணபதி: சொல்ல விடு. இன்னைக்குச் சொல்லலன்னா இனி என்னால சொல்ல முடியாது. அந்தக் கார் வந்தப்ப நான் அந்த நடுவுலதான் நின்னேன் மிஸ். எனக்குத் தொடை வரைக்கும் தண்ணி. அதுக்கு முன்னால ரெண்டு லொறி, ஒரு பஸ்சு அனுப்பியிருந்தேன். இதுவும் போகும்னு நினைச்சேன். இது மாதிரியே சின்னக் கார்தான், கரண்டு கார். நான்தான் கையைக் காட்டினேன். அது நின்னிருந்தா ஓடிப் போய்க் கதவைத் திறந்திருப்பேன். நிக்கல. அப்படியே கீழ்ப்பக்கமாத் தூக்கிட்டுப் போச்சு. பொழுது சாயுற நேரம். தண்ணிக்குள்ள போன பிறகும் லைட்டு ரெண்டும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அது அணையிற வரைக்கும் கட்டையைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு நின்னேன். வேற ஒண்ணும் செய்யல நான்.

சிவலட்சுமி: போதும்யா...

கணபதி: செத்த வீட்டுக்குப் போகலாம்னு கிளம்பினேன். மாங்குளம் சந்தியில பஸ்சை விட்டு இறங்கித் திரும்பிட்டேன். அந்தத் தம்பிக்குக் கிளிநொச்சியில பொஞ்சாதி இருக்காம். அந்த அம்மா முகத்தை எப்படிப் பாக்கிறது?

சுமித்திரா: வந்திருந்தா பாத்திருக்கலாம். நான் வாசலடியிலதான் இருந்தனான்.

சிவலட்சுமி: மிஸ்...?

சுமித்திரா: ஜனார்த்தனன். அவற்ர பேராவது தெரியுமோ ஐயா உங்களுக்கு?

கணபதி: ...தெரியும்.

சிவலட்சுமி: ஐயோ... ஐயோ, நாலு நாலு மணித்தியாலமா அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு... எல்லாத்தையும் உங்ககிட்டயேவா...

சுமித்திரா: ஓம் அக்கா. ஆடி மாசம் சொன்னனீங்கள். உங்கட மனுசன் ஒரு காரைத் தண்ணிக்குள்ள அனுப்பிப்போட்டு, அண்டையிலயிருந்து சோறு தின்னுறதில்ல எண்டு. நான் உங்கட கையில ஊசி போட்டுக்கொண்டு நிண்டனான்.

சிவலட்சுமி: அன்னைக்கு ரெண்டு தரம் குத்தினீங்க...

சுமித்திரா: ஓம். முதல்தரம் நரம்பைத் தவறவிட்டிட்டன்.

கணபதி: எல்லாம் தெரிஞ்சும் ஏன் மிஸ்... எங்களுக்காக ஏன் வந்தீங்க?

சுமித்திரா: அக்காவுக்காகத்தான் வந்தனான். அது பொய்யில்ல. ஆனா உங்களையும் ஒருக்காப் பாக்கவேணும் எண்டு இருந்தது. ஒண்டு கேக்கவேணும்.

கணபதி: கேளுங்க. வண்டியை நிப்பாட்டி அடிச்சாலும் சரி.

சுமித்திரா: அவர் கடைசியா உங்களிட்ட என்ன சொன்னவர்?

கணபதி: ...கண்ணாடியை இறக்கினாரு. காதுல ஃபோன். "கனக்கத் தண்ணி போகுது ஐயா, நான் திரும்பப் போறன்"ன்னாரு. சரி தம்பின்னு நான் ஒதுங்கிட்டேன். பின்னால எடுத்தாரு மிஸ். பத்து முழம் பின்னால போயிட்டாரு. அப்புறம் நின்னாரு. ஃபோன்ல பேசிக்கிட்டே இருந்தாரு. கொஞ்ச நேரத்துல மறுபடியும் முன்னால வந்து, "போகலாமோ ஐயா"ன்னு கேட்டாரு. நான் போகலாம்னு கையைக் காட்டினேன். திரும்பிப் போக இருந்த மனுசன் மிஸ். ஒரு வருசமா அதுதான் எனக்கு விளங்கல. என் கையைப் பாத்துத்தானே வந்திருப்பாரு... நான்தானே...

சுமித்திரா: உங்கட கையைப் பாத்து அவர் வரேல்ல ஐயா. அந்த ஃபோனில கதைச்சது நான். லொறியெல்லாம் போகுது எண்டுறீங்கள், பிறகென்ன பயம், வாங்கோ எண்டு சொன்னது நான்தான். திரும்பியிருந்தா அண்டைக்கு இரவு மல்லாவியில அவற்ர அக்கா வீட்டைதான் நிண்டிருப்பார். எனக்கும் அவவுக்கும் கதைபேச்சு இல்ல... அவர் அங்க போய் ஒரு இரவு நிக்கிறது எனக்குப் பிடிக்கேல்ல. அவ்வளவுதான் ஐயா. வேற ஒரு காரணமும் இல்ல.